பகுதியெண்

சோடா மூடி கழன்றதுபோல் ஒரு சின்னச் சத்தம்.
அவ்வளவுதான்.
யாரும் இடிக்கவில்லை. பக்கத்தில் ஆளே இல்லை.
டாண்டெனாங் மைதானத்தின் தெற்கு மூலையில்
பந்தோடு திரும்ப நினைத்தாள்,
உடம்பு திரும்பியது,
கால் திரும்பவில்லை.

அடுத் மாபியோர். பதினான்காம் எண்.
கூடாரத்தின் கீழே மடிக்கணினியோடு நான்.
மற்றவர்கள் ஓடினார்கள்.
எனக்குச் சம்பளம் எண்ணுவதற்கு.

எழுபத்தொன்றாம் நிமிடம். இடது முழங்கால்.
மோதல்: இல்லை.
முப்பத்தாறு பாகை, வடகாற்று, செயற்கைப் புல்.
காலணி என்றொரு கட்டம்;
அளவை எழுதலாம்,
யார் காலை நினைத்து வார்த்தார்கள் என்று எழுத இடமில்லை.
(குதி அவளுக்கு அகலம். இரண்டு காலுறை போட்டிருந்தாள்.)
மாதவிடாய் நாள் என்றொரு கட்டம்;
அணியில் பாதிப்பேர் அதை வெறுமையாக விடுவார்கள்,
பயிற்சியாளரும் இந்தத் தாளைத் திறப்பார் என்று தெரிந்து.

காயம் மேலே.
ஆடிய மணி நேரம் கீழே.
வகுத்து, ஆயிரத்தால் பெருக்கினால் விகிதம்.
இந்தப் பருவத்தில் இருபத்துமூன்று பேர்,
இவளோடு ஐந்து முழங்கால்.
சங்கத்துக்கு அனுப்புவேன்.
நன்றி என்று இரண்டு வரி வரும்.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன்.
உறைந்த பட்டாணிப் பொதி ஒன்று முழங்காலில் உருகிக்கொண்டிருந்தது.
"கோதை, உன் கணக்கில் நான் மேலேயா, கீழேயா?"
இரண்டிலும் என்றேன்.
மேலே ஒன்று.
கீழே நூற்று எழுபத்துநான்கு மணி நேரம்.

"அவ்வளவுதானா?"
சிரித்தாள். பிறகு விரல் மடக்கினாள்.
ஹாலம் கிடங்கில் வாரம் நான்கு இரவு,
பத்திலிருந்து ஆறு,
கான்கிரீட் தரை, இருபது கிலோப் பெட்டிகள்.
விடிந்ததும் இரண்டு பேருந்து.
ஞாயிறு காலை சிறுமிகளுக்குப் பயிற்சி, அதற்குக் காசில்லை.
வெள்ளி இரவு வேலை முடித்து
சனி பின்னேரம் ஆட வந்தவள் அவள்.
மூன்று மணி நேரம் தூங்கினாளாம்.
"இதெல்லாம் எந்தக் கட்டத்தில்?"

மேலாளர் வாரனிடம் கேட்டேன்.
"கிடங்குக்கும் முழங்காலுக்கும் என்ன தொடர்பு?
விஞ்ஞானமாய்ப் பேசு."

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு.
நாக்கு நுனிவரை வந்தது.
சொல்லவில்லை:
மொழிபெயர்த்தால் பழமொழி அவர் பக்கம் போய்விடும்.
அவருக்கு வழுக்கை வேறு.

வியாழன் அறுத்தார்கள்.
தொடையின் பின்னால் ஒரு நாரை உரித்து
எலும்பைத் துளைத்து
முழங்காலுக்குள் இழுத்து
இறுக்கினார்கள்.
ஆக, எங்கிருந்தோ கொண்டுவந்து
முழங்காலோடு முடிச்சுப் போடலாம்.
மருத்துவக் காப்புறுதி இருந்தால்.

இரவு கணக்கைத் திறந்து
அவள் மடக்கிய விரல்களைக் கீழே சேர்த்துப் பார்த்தேன்.
பகுதியெண் வீங்கியது.
விகிதம் குறைந்தது.
கழகம் மகிழ்ந்துபோகும்:
பாதுகாப்பான அணி, அறிக்கையின் முதல் பக்கம்.

அழித்தேன்.
அழித்ததும் அந்த இரவுகள் நடக்கவே இல்லை.

இதைத்தான் இரண்டு மணிவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
சேர்த்தால் அவள் களைப்பு அவளையே மறைக்கிறது.
விட்டால் அவள் களைப்பே கிடையாது.
பள்ளியில் பின்னம் கற்றபோது
கோட்டுக்குக் கீழே இருப்பது தாங்கும் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த ஒன்பது மாதம் அவள் கீழே பூச்சியம்.
ஆடாதவளுக்கு மணி நேரம் இல்லை.
காலையில் சுவரோடு முதுகு சாய்த்து
முப்பது முறை கால் தூக்குகிறாளே,
பல்லைக் கடித்துக்கொண்டு,
அது விளையாட்டு அல்ல.

நேற்றுக் குறுஞ்செய்தி:
இன்று நூற்றுப்பத்துப் பாகை மடங்கியது.

ஓரத்தில் புதிதாய் ஒரு பத்தி திறந்தேன்,
எதோடும் வகுபடாமல் தனியாக.
தலைப்பு இடுக என்றது மென்பொருள்.
இடவில்லை.
அவள் பெயரைத் தட்டினேன்.
இங்கே எண் மட்டும் என்றது.

110.